சந்தையில் வாங்கிய குதிரைக்குச் சேணம் சேரவில்லை, முதுகில் புண். என்ன செய்யலாம்?

பாலக்கோடு தக்காளிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கும் மாரண்டஅள்ளிக்கும் நடுவில் எனக்கு மூன்று ஏக்கர். தக்காளி, கொள்ளு, வரப்போரம் கொஞ்சம் மா. போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போய் ஒரு பெண் குதிரை வாங்கி வந்தேன். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. ஆறு வயது என்று விற்றவர் சொன்னார். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி நிற்கும், மார்வாரி என்கிற ராஜஸ்தான் இனத்து இரத்தம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருடம் தக்காளி விலை கைகொடுத்தது, வாங்கிவிட்டேன்.

பிரச்சினை சேணத்தில். இணையத்தில் ஒரு தோல் சேணம் வாங்கினேன். 18 அங்குலம் என்று போட்டிருந்தது. பெரிதாக இருந்தால் நானும் உட்காரலாம், பாப்பாவும் உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். நிறம் பார்த்தேன், தையல் பார்த்தேன், விலை பார்த்தேன். குதிரையின் முதுகை அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மூன்று வாரம் ஓட்டினோம். முதலில் கவனித்தது பாப்பாதான். "அப்பா, ஜீனியை எடுத்து வந்தாலே காதைப் பின்னால மடக்குது" என்றாள். புதுக் குதிரை, பழகிவிடும் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வயிற்றுவாரை இழுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தது. போன ஞாயிறு குளிப்பாட்டும்போது பார்த்தால், பிடரிமயிர் முடிகிற இடத்தில் முதுகு மேடாக எழும்புமே, அதன் உச்சியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி போய்த் தோல் சிவந்து கிடக்கிறது. கையை வைத்தால் தோலைச் சிலிர்த்துக்கொண்டு விலகுகிறது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரர் உள்ளே இரும்பு இருந்தால் சூடு காட்டிக் குறுக்கித் தருகிறேன் என்கிறார். தடிமனாகக் கம்பளி போட்டால் போதும் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி? வேறு சேணம்தான் வாங்க வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? இன்னொன்று, தோல் காய்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். மழை பிடித்த வாரத்தில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

அரூரான் எழுதியது:

அண்ணா, என்னிடம் ஒரு மட்டக்குதிரை இருக்கிறது. அதற்கும் இப்படித்தான் முடி போனது. நாட்டுக் கம்பளியை நான்காக மடித்துப் போட்டேன், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. புதுச் சேணத்துக்குச் செலவு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள். கம்பளி வியர்வையையும் இழுத்துக்கொள்ளும்.

மத்திகிரி சேணக்காரர் எழுதியது:

தம்பி, முதல் காரியம், இன்றிலிருந்து அந்த முதுகில் சேணம் ஏறக்கூடாது. புண் ஆறி, தோல் தடித்து, முடி முளைக்கத் தொடங்கும்வரை கயிற்றில் பிடித்து நடத்துங்கள். பாப்பா கூட நடக்கட்டும். இரண்டு பேரும் பழகிக்கொள்ளவும் அது நல்ல நேரம்.

நான் ஓசூர் பக்கம் மத்திகிரி. எங்கள் ஊர்க் கால்நடைப் பண்ணையே 1824இல் கம்பெனிக்காரர்கள் படைக்குதிரைக்காக ஏற்படுத்தியது. குதிரைப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான். பெங்களூரில் ஒரு குதிரை லாயத்தில் 22 வருடம் இருந்தேன். முதல் ஏழு வருடம் சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கிற ஆள், மீதியெல்லாம் சேணம் பழுது பார்க்கிற வேலை. நீங்கள் எழுதியதைப் படித்ததுமே என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது.

சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. மரத்தில் செய்வார்கள், இரும்புப் பட்டை வைத்த மரத்தில் செய்வார்கள், இப்போது ஃபைபரிலும் வருகிறது. லாயத்தில் ட்ரீ என்போம். தோலும் கம்பளிப் பஞ்சும் தையலும் அதன்மேல் போர்த்தியவை. அந்தச் சட்டத்தின் முன்பக்கம் கவட்டைக்கொம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்து தோள்மேட்டின், அதாவது உங்கள் குதிரைக்குப் புண் வந்திருக்கிற அந்த மேட்டின், இருபுறமும் இறங்கும். அந்தக் கவட்டை எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதுதான் குதிரைக்குச் சேருமா சேராதா என்பதைத் தீர்மானிக்கிறது. 18 அங்குலம் என்று போட்டிருந்தது உட்காருகிறவரின் அளவு. சேணத்தின் முன்னால் இருக்கும் குமிழ் ஆணியிலிருந்து, இருக்கையின் பின்னால் எழும்பி நிற்கும் பின்மேட்டின் நடுவரை அளப்பார்கள். அதற்கும் குதிரையின் தோளுக்கும் சம்பந்தமே இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், உங்களை மட்டும் நொந்துகொள்ளாதீர்கள்.

மார்வாரி, கத்தியவாரி குதிரைகளுக்குத் தோள்மேடு உயரம், இரண்டு பக்கச் சரிவும் செங்குத்து. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. நீங்கள் வாங்கியது அகல முதுகுக்கு அடித்த சேணமாகத்தான் இருக்கும். கூரைமேல் விரிந்த கவட்டையை வைத்தால் பக்கங்களில் நிற்காமல் நழுவி இறங்கி உச்சியில்தான் போய் உட்காரும். உச்சியில் எலும்பு, எலும்பின்மேல் தோல், நடுவில் சதை கிடையாது. உங்கள் எடை முழுக்க அந்த ஒரு ரூபாய் அளவு இடத்தில் இறங்கியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் இப்போதே பார்க்கலாம். புண்மேல் வைக்காமல், சேணத்தைக் கையில் தாங்கிப் பிடித்து முதுகுக்கு நேராக இறக்கிப் பக்கத்திலிருந்து பாருங்கள். முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, உட்காருகிறவர் முன்னால் சரிகிற மாதிரி தெரியும்.

அரூர் தம்பி சொன்னதில் ஒரு பாதி உண்மை. கவட்டை அகலமான சேணத்தை முன்பக்கம் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கக் கம்பளி கொஞ்ச நாள் உதவும். அவருடைய மட்டக்குதிரைக்கு முதுகு தட்டையாக இருந்திருக்கலாம், தப்பித்துவிட்டது. ஆனால் ஆள் ஏறியதும் கம்பளி அமுங்கும். அதோடு தோள்மேட்டின்மேல் தோலை இறுக்கிக் கட்டிய பறை மாதிரி விறைத்து நிற்கும், அதுவே தேய்க்கும். கவட்டை குறுகலான சேணமாக இருந்துவிட்டால் கம்பளி சேரச் சேர இறுக்கம்தான் கூடும். கம்பளியோ நம்தா என்கிற அமுக்கிச் செய்த கம்பளி விரிப்போ எது போட்டாலும், சேணத்தின் அடியில் முதுகெலும்புக்கு நேராக ஓடும் நடுவாய்க்காலுக்குள் மேலே தூக்கிச் செருகி, முதுகெலும்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று போகிற மாதிரி விட வேண்டும். அரூர் தம்பி, உங்கள் குதிரைக்கும் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவே வேண்டாம். சூடு காட்டினால் பட்டை இரும்பு தன் விறைப்பை இழக்கும், அதை ஆணியடித்துப் பிடித்திருக்கும் மரம் விரிசல் விடும். விரிசல் வெளியே தெரியாது. ஒருநாள் ஓட்டத்தில் சட்டம் உடைந்து குதிரையின் முதுகில் குத்தும். லாயத்தில் அப்படி ஒரு சேணத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே மரம் இரண்டாகப் பிளந்து, சேணத்தின் அடிப்பக்கமெல்லாம் இரத்தம் காய்ந்திருந்தது.

இனி அளவு. மின்வேலை செய்கிறவரிடம் நல்ல தடிமனான ஒற்றைக்கம்பி வயர் இரண்டடி வாங்குங்கள். கையால் வளைய வேண்டும், வளைத்த பிறகு அப்படியே நிற்க வேண்டும். குதிரையைச் சமதரையில் நான்கு காலும் சமமாக ஊன்றி, தலை நேராக இருக்கிற மாதிரி நிறுத்துங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதற்கு மூன்று விரல் பின்னால் வயரைக் குறுக்கே போட்டு இருபுறமும் அழுத்துங்கள். புண்ணைத் தொட வேண்டாம், அந்த இடத்தில் வயரைச் சற்றுத் தூக்கி விடலாம். பிறகு வடிவம் கலையாமல் எடுத்து அட்டையில் வைத்துக் கோடு போடுங்கள். உங்கள் பக்கம் மாம்பழ அட்டைப்பெட்டிக்குப் பஞ்சம் இருக்காது. கோட்டின்படி வெட்டி, அந்த அட்டையைத் திரும்ப முதுகில் வைத்துச் சரிபாருங்கள். அதேபோல ஒரு சாண் பின்னால் ஒன்று, அதற்கும் ஒரு சாண் பின்னால் ஒன்று, முதுகெலும்பு நீளவாக்கில் ஒன்று. நான்கிலும் இடது வலதும் தேதியும் எழுதுங்கள். சேணம் விற்கிறவரிடம் இந்த அட்டையைக் காட்டுங்கள். அட்டையைப் பார்க்காமல் "எல்லாக் குதிரைக்கும் சேரும்" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

சேணம் கைக்கு வந்ததும் அடியில் துணி எதுவும் போடாமல் முதுகில் வையுங்கள். கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்னால் நகர்த்தினால் முடி படிந்து, சேணம் தானாக ஓரிடத்தில் நிற்கும். தோள்பட்டை எலும்புமேல் ஏறக்கூடாது, ஏறினால் குதிரை முன்காலை நீட்டி வைக்காது. பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. குதிரைக்கு விலா எலும்பு 18 ஜோடி, அதற்குப் பின்னால் இருக்கும் இடுப்புப் பகுதிக்கு எடை தாங்க ஆதாரமில்லை. சின்ன முதுகுக்கு 18 அங்குலச் சேணம் அங்கேதான் போய் இடிக்கும். ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் தோள்மேட்டுக்கும் சேண வளைவுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் வாய்க்கால் வழியாக முன்பக்க வெளிச்சம் தெரிய வேண்டும், வாய்க்கால் அகலமும் மூன்று விரலுக்குக் குறையக்கூடாது. பிறகு உள்ளங்கையைச் சேணத்துக்கு அடியில் விட்டு முன்னிருந்து பின்வரை தடவிக்கொண்டே போங்கள். நடுவில் கை லேசாகி, முன்னும் பின்னும் மட்டும் இறுகினால் அது பாலம் மாதிரி இரண்டு முனையில் தொங்குகிறது என்று அர்த்தம். அதுவும் ஆகாது.

கடைசி சாட்சி வியர்வைதான். அரைமணி நேரம் வேர்க்க வேர்க்க ஓட்டிவிட்டு இறக்கிப் பாருங்கள். நடுவாய்க்கால் காய்ந்திருக்கும், அது சரி. இரண்டு பக்கமும் ஒரே சீராக நனைந்திருக்க வேண்டும். ஈரத்துக்கு நடுவில் உள்ளங்கையளவு ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம், வியர்வையே வெளியே வர முடியாமல் நசுங்கியிருக்கிறது. நாள்பட அங்கே முடி வெள்ளையாக முளைக்கும். சந்தையில் குதிரை வாங்கும்போதே தோள்மேட்டின் இருபுறமும் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்த்தால் பழைய எசமானர் எப்படி வைத்திருந்தார் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் எத்தனை கிலோ? நாடாவால் குதிரையின் நெஞ்சுச் சுற்றளவை முன்காலுக்குப் பின்னால் தோள்மேட்டைச் சுற்றி எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை முனைவரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் குதிரையின் எடை கிலோவில் ஏறக்குறைய வரும். ஆளும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பாலக்கோடு தக்காளிக்காரன் எழுதியது:

அண்ணா, இவ்வளவு எழுதியதற்கு நான் என்ன சொல்வது! நேற்றுப் பள்ளி விட்டு வந்ததும் பாப்பாவும் நானும் அளந்தோம். தரையிலிருந்து தோள்மேடு 57 அங்குலம். நெஞ்சு 160, நீளம் 145. கணக்குப் போட்டால் 312 கிலோ. ஐந்தில் ஒரு பங்கு 62தான் வருகிறது. நான் 71, சேணம் ஒரு எட்டு. பாப்பா 44. கணக்கைப் போட்டது அவள்தான். விடையை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சரி, இனி நான் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டேன். சேணம் அவளுக்கு மட்டும்தான் என்று ஆகிவிட்டதால் தேடுவதும் சுலபம்.

அட்டை நான்கும் வெட்டியாகிவிட்டது. முதல் அட்டையைச் சேணத்தின் அடியில் வைத்துப் பார்த்தோம், இருபுறமும் என் விரலே நுழைகிற இடைவெளி. நீங்கள் சொன்னது அப்படியே.

புண்ணுக்கு என்ன போடலாம்? ஈ மொய்க்கிறது. எங்கள் பக்கம் மாட்டுக்கு வண்டி ஆயில் தடவுவார்கள். பெங்களூரில் ஒருவர் பழைய சேணம், 16 அங்குலம், குறுகல் கவட்டை, 11,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். பழையதை நம்பலாமா?

கிருஷ்ணகிரி கால்நடை அக்கா எழுதியது:

தம்பி, ஆயில் வேண்டவே வேண்டாம். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உழவு மாட்டுக்கு நுகத்தடிப் புண் எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. வண்டி ஆயில் தடவி வந்த புண்கள்தான் ஆற அதிக நாள் எடுத்தன. தோலையே பொசுக்கிவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டு ஆறவிட்டு, சுத்தமான துணியால் காலையும் மாலையும் ஒற்றி எடுங்கள். தேய்க்காதீர்கள். ஈ வராமல் இருக்க வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றித் தடவலாம், புண்மேல் வேண்டாம். புண்ணுக்கு என்ன மருந்து என்பதை மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்த வாரமே அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டிவிடுங்கள், இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, குதிரைக்கு டெட்டனஸ் மிக எளிதில் பிடிக்கும், மாட்டைவிடப் பல மடங்கு. தடுப்பூசி போட்டார்களா என்று சந்தையில் விற்றவருக்கே தெரிந்திருக்காது. இரண்டு, தோள்மேட்டுப் புண் மேலோட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் வைத்தால் எலும்புவரை இறங்கும். அந்த இடம் வீங்கினால், தொட்டால் சுட்டால், அழுத்தினால் நீர் கசிந்தால் ஒருநாளும் காத்திருக்காதீர்கள்.

மாடு நுகத்தடிப் புண்ணோடு நின்றால் நுகத்தை மாற்றுவோம், கழுத்தை மாற்ற முடியாது. கடிக்க வருகிறது என்று அந்தக் குதிரையை அடித்துவிடாதீர்கள். அதற்கு வலியைச் சொல்ல வேறு வழி இல்லை.

மத்திகிரி சேணக்காரர் எழுதியது:

அக்கா சொன்னதற்குமேல் புண்ணைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய சேணம் நல்லதுதான் தம்பி. நல்ல கையில் இருந்த பழைய சேணம் புதிதைவிட மேல், தோல் பழகியிருக்கும். ஆனால் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். முன்வளைவை உங்கள் வயிற்றில் ஊன்றி, பின்மேட்டைப் பிடித்து உங்களை நோக்கி இழுங்கள். நடுவில் மடிந்தாலோ கரகரவென்று சத்தம் வந்தாலோ சட்டம் போய்விட்டது. ஸ்பிரிங் வைத்த சட்டம் கொஞ்சம் வளையும், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து உடனே திரும்பும். பிறகு முன்கவட்டையின் இரண்டு முனையையும் முழங்காலுக்கு நடுவில் வைத்து நெருக்குங்கள். அசையவே கூடாது. கிளிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சேணத்தைக் கவிழ்த்துப் பின்னால் நின்று பார்த்தால் முதுகில் படுகிற மெத்தைகள், அதாவது பேனல்கள், இரண்டும் ஒரே தடிமனில் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கம்பளிப் பஞ்சு உருண்டை கட்டியிருந்தால் கைக்குக் கல் மாதிரி தட்டும். அதைப் பிரித்துப் புதிதாக அடைக்கலாம், அது பெரிய குற்றமில்லை. ஆனால் வயிற்றுவார் கோக்கும் பட்டைகளை ஒவ்வொன்றாக மடித்துப் பாருங்கள். மடிப்பில் பொடி வெடிப்பு தெரிந்தால், துளைகள் நீண்டு முட்டை வடிவம் ஆகியிருந்தால், அந்தப் பட்டையை மாற்றாமல் பிள்ளையை ஏற்றக்கூடாது. சேணத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தத் தையல்தான். மாற்றும்போது மரப்பட்டையில் பதப்படுத்திய தோலாகக் கேளுங்கள். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர் இரண்டும் கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம்தானே. குரோமில் பதனிட்டது ஷூவுக்கு நன்றாக இருக்கும், எடை தாங்கும் வாருக்கு இழுபடும். புதுச் சேணமே வேண்டும் என்றால் கான்பூர்தான் பெரிய இடம், அந்தச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனால் எங்கே செய்ததாக இருந்தாலும் உங்கள் அட்டைக்குப் பொருந்த வேண்டும்.

கால் வைக்கிற வளையமான அங்கவடியைப் பாப்பாவின் ஷூ அளவுக்குப் பாருங்கள். ஷூவைவிட ஒரு அங்குலம் அகலம் இருக்க வேண்டும். குறைந்தால் கால் மாட்டிக்கொள்ளும், அதிகமானால் கால் உள்ளே நுழைந்துவிடும். செருப்போடும் குதிகால் இல்லாத ஷூவோடும் ஏற விடாதீர்கள். அங்கவடி வார் மாட்டும் கம்பியின் முனையில் ஒரு சின்னக் கொண்டி இருக்கும். அதை எப்போதும் திறந்தே வையுங்கள். விழுந்தால் வார் கழன்று வந்துவிட வேண்டும், குதிரை இழுத்துக்கொண்டு ஓடக்கூடாது. இதைப் பாப்பாவையே தினமும் பார்க்கச் சொல்லுங்கள்.

குதிரைமேல் ஏறுவது எப்போதும் இடப்பக்கம் என்பதால் இடது அங்கவடி வார் நீண்டுகொண்டே போகும். மாதம் ஒருமுறை இடதை வலதாக மாற்றுங்கள். ஒரு கல்லோ திண்ணையோ வைத்து ஏறினால் வாருக்கும் நல்லது, குதிரையின் முதுகுக்கும் நல்லது. வயிற்றுவாரை ஒரேயடியாக இழுக்காமல் ஒரு துளை, நாலடி நடத்தி இன்னொரு துளை, ஏறும் முன் மற்றொன்று என்று இறுக்குங்கள். இப்போது கடிக்க வருகிற குதிரைக்கு இது ரொம்ப முக்கியம், பழைய வலி அதற்கு ஞாபகம் இருக்கும்.

இனி எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கம் இரவில் அதற்குக் கீழே போய்விடும். நீங்கள் பார்த்த வெள்ளையில் பாதி உறைந்த எண்ணெயாகவே இருக்கலாம், மீதி பூஞ்சை. சேணத்தை வெளியே கொண்டுபோய் காய்ந்த துணியால் துடையுங்கள், வீட்டுக்குள் தட்டினால் பூஞ்சை மற்ற தோலுக்கும் போகும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து ஒருமுறை துடைத்து, நிழலில் காற்றாட இரண்டு நாள் விடுங்கள். அடுப்புப் பக்கமும் சுள்ளென்ற வெயிலும் ஆகாது, தோல் விறைத்து வெடிக்கும்.

அன்றாட வேலை கொஞ்சம்தான். இறக்கியதும் ஈரத்துணியால் வியர்வையையும் செம்மண் புழுதியையும் துடைத்துவிட வேண்டும். நம் ஊர்ப் புழுதி தையலுக்குள் போய் உட்கார்ந்தால் உப்புத்தாள் மாதிரி நூலை அறுக்கும். வாரம் ஒருமுறை கிளிசரின் சேணச் சோப்பு. நுரை வரும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, துணி ஈரமாக இருந்தால் போதும். துணி சோப்பும் பவுடரும் தோலில் இருக்கும் கொழுப்பையெல்லாம் உறிஞ்சிவிடும். எண்ணெய் என்றால் மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய். அதுவும் தோல் காய்ந்தால் மட்டும், துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு. ஆசைப்பட்டு ஊற்றினால் தோல் தொளதொளவென்று ஆகித் தையலும் இற்றுப் போகும். வைக்கும்போது சுவரில் சாய்க்காமல் உருண்டைக் கட்டைமேல் குதிரைமேல் இருப்பது போலவே வையுங்கள். மேலே பழைய பருத்தி வேட்டி போதும், பிளாஸ்டிக் உறை வேண்டாம்.

பெங்களூர் சேணத்தை வாங்கினால் அப்படியே ரயிலில் ஓசூரில் இறங்குங்கள். ஞாயிறு நான் வீட்டில்தான் இருப்பேன். பட்டைகளை நான் தைத்துத் தருகிறேன்.

பாலக்கோடு தக்காளிக்காரன் எழுதியது:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நாற்று நடவு, அப்புறம் மழை.

மருத்துவர் பார்த்தார், டெட்டனஸ் ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார். உள்ளே சீழ் இல்லை. தோல் மூட ஐந்து வாரம் ஆனது. பெங்களூர் சேணத்தை நீங்கள் சொன்னபடி வயிற்றில் ஊன்றி இழுத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. ஓசூரில் இறங்கி அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டு பட்டையைக் கழற்றிப் புதிதாகத் தைத்து, முன்பக்கப் பஞ்சைப் பிரித்து அடைத்துக் கொடுத்தார். என் அட்டையைச் சேணத்துக்கு அடியில் வைத்துக்கொண்டே அடைத்தார், கொஞ்சம் வைப்பதும் எடுப்பதுமாக மூன்று மணி நேரம். தோலுக்கு மட்டும்தான் காசு வாங்கினார். அண்ணி சாப்பிடாமல் விடவில்லை.

முதல் வாரம் சேணத்தைக் கண்டதும் அதே காது மடக்கல்தான். பாப்பா ஏறவில்லை. சேணத்தைப் போடுவாள், பத்து நிமிடம் நடத்துவாள், ஒரு கை ஊறவைத்த கொள்ளு கொடுத்துவிட்டு இறக்குவாள். ஒன்பதாம் நாள் காது முன்னால் நின்றது. இப்போது ஒரு மாதமாக ஏறுகிறாள். நேற்று வேர்க்க ஓட்டி வந்து இறக்கியதும் நாங்கள் இருவரும் முதுகைத்தான் குனிந்து பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒரே ஈரம், நடுவில் கோடு மாதிரி காய்ந்திருந்தது.

புண் இருந்த இடத்தில் முடி வந்துவிட்டது. செவலைக்கு நடுவில் வெள்ளையாக ஒரு சின்னக் கொத்து. அது மாறாது என்று மருத்துவர் சொன்னார். பாப்பா தினமும் தேய்க்கும்போது அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷை நகர்த்துகிறாள்.

ஒரு கேள்வி மட்டும் அண்ணா. வேலை செய்து குதிரை நெஞ்சு கட்டியிருக்கிறது, தோளிலும் சதை ஏறிய மாதிரி தெரிகிறது. அட்டையைத் திரும்ப வெட்ட வேண்டுமா?

மத்திகிரி சேணக்காரர் எழுதியது:

இப்போதே வெட்டுங்கள், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் புதியதைப் பழையதின்மேல் வைத்துப் பாருங்கள். விரல் அகலம் வித்தியாசம் வந்தால் சேணத்தைக் கொண்டு வாருங்கள், பஞ்சைக் குறைத்துத் தருகிறேன். பாப்பாவையும் கூட்டி வாருங்கள். அடைப்பது எப்படி என்று அவளும் பார்க்கட்டும்.